வடகம்: ஃப்ரிட்ஜ் வராத காலத்து மசாலா

மரவள்ளி, சாமைன்னு எழுதிக்கிட்டு இருந்தவன் திடீர்னு சமையல்கட்டுக்குள்ள நுழையறானேன்னு நினைக்காதீங்க. காரணம் இருக்கு.

சென்னை, பெங்களூருல இருக்கற சொந்தக்காரங்க வீடுகள்ல இப்ப ஒரு பழக்கத்தைப் பார்க்கறேன். ஞாயித்துக்கிழமை ஒரு கிலோ வெங்காயம், ஒரு கிலோ தக்காளி, இஞ்சி, பூண்டு எல்லாத்தையும் வதக்கி, மிக்ஸியில அரைச்சு, டப்பா டப்பாவா ஃப்ரிட்ஜுல அடுக்கிடறாங்க. வாரம் முழுக்க உருளைக்கிழங்கோ காலிஃப்ளவரோ பட்டாணியோ, எது இருக்கோ அதுல ரெண்டு கரண்டி எடுத்துப் போட்டா வேலை முடிஞ்சுது. வேலைக்குப் போறவங்களுக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனா, "இப்படி எல்லாக் காய்க்கும் பொதுவா ஒரு மசாலா செஞ்சு வச்சுக்கறது நம்ம பழக்கமே இல்ல, வடநாட்டு ஓட்டல்காரங்ககிட்ட இருந்து வந்தது"ன்னு ஒருத்தர் சொன்னார். அதைக் கேட்டதும்தான் இதை எழுதணும்னு தோணுச்சு.

நம்மகிட்ட இருந்துச்சு. இப்பவும் இருக்கு. எங்க பழைய தென்னாற்காடு ஜில்லாவுல அதுக்கு வடகம்னு பேரு. கடலூர், புதுச்சேரிப் பக்கம் வடவம்னு சொல்வாங்க. ஃப்ரிட்ஜ் வேண்டாம், தக்காளி வேண்டாம், ஒரு தடவை போட்டா ஒரு வருஷம் வரும்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். பட்டணத்துல வடகம்னா பாதிப் பேருக்கு அரிசிக்கூழ் காய்ச்சிப் பிழிஞ்சு காயவச்சு, எண்ணெயில பொரிச்சுத் தின்கறதுதான் ஞாபகம் வரும். அது கூழ்வடகம், வேற சாதி. யாழ்ப்பாணத்துக்காரங்க வடகம்னா வேப்பம்பூவும் உளுந்தும் போட்டு உருட்டிப் பொரிக்கறதைச் சொல்வாங்க. நான் சொல்றது தாளிப்பு வடகம். சின்ன வெங்காயமும் பூண்டும் உளுந்தும் கடுகும் சேர்த்து உருட்டி வெயில்ல காயவைக்கற கறுப்பு உருண்டை. பார்க்க அழகா இருக்காது. டப்பாவைத் திறந்தா பக்கத்து வீட்டுக்குத் தெரியும்.

எங்க ஊர் கரியாலூர். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியா கல்வராயன்மலை ஏறினா வெள்ளிமலைக்கு முன்னாடி வரும். (பேர்ல இருக்கறது 'கரி', 'கறி' இல்ல. ஆனா 'கறி'யைப் பத்தியும் கீழே கொஞ்சம் பேச வேண்டியிருக்கு.) எங்க வீட்டுக்கு வடகம் வந்தது அம்மா மூலமா. அம்மா மலையடிவாரத்துப் பொண்ணு. கல்யாணம் ஆகி மேல வந்தப்போ அரிசி மூட்டையோட ஒரு பானை வடகமும் வந்துச்சுன்னு இப்பவும் சொல்வாங்க. மலை வெயிலை நம்பி வடகம் போட முடியாது. சித்திரையிலகூட மத்தியானத்துக்கு மேல மூட்டம் போட்டுடும். அதனால பல வருஷம் எங்க வீட்டு வடகம் அம்மா பொறந்த வீட்டு மொட்டை மாடியிலதான் காய்ஞ்சுது. ரெண்டு வாரம் அம்மா கீழேதான் இருப்பாங்க. எங்களுக்கு அது கோடை லீவு.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன். சரித்திரம் அதுக்குள்ளதான் இருக்கு.

எங்க வீட்டுக் கணக்கு: சின்ன வெங்காயம் ரெண்டு கிலோ, பூண்டு கால் கிலோ, தோல் உளுந்து இருநூறு கிராம், கடுகு நூறு, சீரகம் நூறு, வெந்தயம் ஐம்பது, மஞ்சள்தூள் ரெண்டு ஸ்பூன், கொஞ்சம் பெருங்காயம், ரெண்டு கைப்பிடி கறிவேப்பிலை, கல்லுப்பு. கடைசியில தடவ விளக்கெண்ணெய். மிளகாய் கிடையாது. தக்காளி கிடையாது. புளி கிடையாது. உளுந்தையும் வெந்தயத்தையும் கொஞ்ச நேரம் ஊறவச்சுத் தண்ணியை நல்லா வடிச்சுக்கணும். வெங்காயத்தையும் பூண்டையும் உரல்ல போட்டு ஒண்ணும் ரெண்டுமா இடிக்கணும். மையா அரைச்சா உருண்டை ரொட்டி மாதிரி இறுகிடும், தாளிக்கும்போது பொரியாது. இடிச்சதோட எல்லாத்தையும் கலந்து, உப்புப் போட்டுப் பிசைஞ்சு, ஒரு பானையில மூடி ராத்திரி முழுக்க வைக்கணும்.

காலையில பார்த்தா பானைக்குள்ள தண்ணி விட்டிருக்கும். வெங்காயத்துல பத்துல எட்டுப் பங்குக்கு மேல தண்ணிதானே, உப்பு அதை வெளியே இழுத்துடும். அந்தத் தண்ணியைக் கீழே ஊத்தக் கூடாது. வாசம் அதுலதான் இருக்கு. உருண்டையைப் பிழிஞ்சு எடுத்துப் பாய்ல வரிசையா வச்சு வெயில்ல விட்டுட்டு, பானைத் தண்ணியை மூடி வைக்கணும். சாயங்காலம் உருண்டைகளை எடுத்து உதிர்த்து அதே தண்ணியில மறுபடி போட்டுடணும். அடுத்த நாள் மறுபடி உருட்டி வெயில்ல. இப்படி மூணு நாலு நாள்ல அந்தத் தண்ணி முழுக்க உருண்டைக்குள்ளயே போயிடும். அதுக்கப்புறம் உதிர்க்க வேண்டியதில்ல. பகல்ல வெயில், ராத்திரி வீட்டுக்குள்ள. பத்து நாள் ஆகும். உருண்டை வெளுப்பா ஆரம்பிச்சு, பழுப்பாகி, கடைசியில கருப்பட்டி நிறத்துக்கு வந்துடும். அப்ப உள்ளங்கையில விளக்கெண்ணெய் தடவிக்கிட்டு ஒவ்வொரு உருண்டையையும் ஒரு உருட்டு உருட்டி, இன்னும் ஒரு நாள் காயவச்சுப் பானையில போட்டுடணும். விளக்கெண்ணெய் வண்டு பிடிக்காம இருக்க. மேல சொன்ன சாமான் எல்லாம் சேர்த்து ரெண்டே முக்கால் கிலோ வரும். காய்ஞ்சு முடிச்சா ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாத்தான் தேறும்.

இதை வச்சு என்ன பண்ணலாம்? என்ன வேணா பண்ணலாம். கீரை கடைஞ்சுட்டு, கரண்டியில எண்ணெய் காயவச்சு, கோலிகுண்டு அளவு வடகத்தை உதிர்த்துப் போட்டு, சிவந்ததும் கீரையில கொட்டினா போதும். பூசணிக்காய்க் கூட்டு, சுரைக்காய், அவரைக்காய், முருங்கைக்காய் போட்ட புளிக்குழம்பு, மோர்க்குழம்பு எல்லாத்துக்கும் அதே தாளிப்புதான். வறுத்த வடகத்தைத் தேங்காய், புளி, வரமிளகாயோட வச்சு அரைச்சா துவையல். எங்க மலை மொச்சைக்கொட்டையை வேகவச்சு வடகம் தாளிச்சு, சாமைச் சோத்துல பிசைஞ்சு தின்னுட்டு அடிச்சு வேலை செய்யலாம், சாயங்காலம் வரைக்கும் பசிக்காது. கடுகு, உளுந்து, சீரகம், வெங்காயம், பூண்டுன்னு அஞ்சு டப்பாவைத் திறக்கற வேலை ஒரு உருண்டையில முடிஞ்சுடுது. ஒண்ணு மட்டும் கவனம். அடுப்பைக் குறைச்சு வைங்க. ஏற்கெனவே பத்து நாள் வெயில்ல சிவந்த பொருள், எண்ணெயில ஒரு நிமிஷத்துல கருகிடும். கருகின வெந்தயக் கசப்பு குழம்பையே கெடுத்துடும்.

இப்ப அந்தச் சாமான் பட்டியலை இன்னொரு தடவை பாருங்க. மிளகாயும் தக்காளியும் இல்லைன்னு சொன்னேன் இல்லையா, அது ரெண்டும்தான் நம்ம அடுப்படிக்குப் புதுசு. ரெண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிங்க. கொலம்பஸ் 1492-ல அந்தப் பக்கம் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி இந்தியாவுல யாரும் மிளகாயைப் பார்த்ததில்லை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் கப்பல் வழியா மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதுவரைக்கும் நமக்குக் காரம்னா மிளகு. சங்க இலக்கியத்துல மிளகுக்குப் பேரு 'கறி'. யவனர்கள் பொன்னைக் கொட்டி முசிறியில வாங்கிட்டுப் போனது அந்தக் கறியைத்தான். புதுசா வந்த காய்க்குப் பேர் வைக்கும்போது நம்ம ஆளுங்க ரொம்ப யோசிக்கல. மிளகு மாதிரி உறைக்கற காய், மிளகாய். அவ்வளவுதான்.

ஆனா அந்தப் புதுசு எவ்வளவு வேகமா வீட்டுக்குச் சொந்தக்காரனா ஆயிடுச்சு பாருங்க. எங்க பக்கம் பெரியவங்க குழம்புக்கு மசாலா அரைக்கறதை "மொளகா அரைக்கறது"ன்னுதான் சொல்வாங்க. மல்லி, சீரகம், மிளகு, தேங்காய், வெங்காயம் எல்லாம் அம்மியில இருக்கும். வேலைக்குப் பேரு மட்டும் மொளகா அரைக்கறது. கடைசியா வந்தவன் பட்டாவைத் தன் பேருக்கு மாத்திக்கிட்ட மாதிரி.

தக்காளி கதை இன்னும் புதுசு. தக்காளிங்கற பேரு தமிழ்ல முன்னாடியே இருந்துச்சு. மணத்தக்காளி, வரப்போரத்துல முளைக்கற சொடக்குத் தக்காளி, இதுங்கதான் அந்தப் பேருக்கு உரியதுங்க. வெளிநாட்டுல இருந்து வந்த பெரிய பழத்தைச் 'சீமைத் தக்காளி'ன்னு சொன்னாங்க. காலப்போக்குல சீமை உதிர்ந்துபோச்சு, வெறும் தக்காளி அதுக்கே பேரா நின்னுடுச்சு. தினப்படி குழம்புல தக்காளி விழ ஆரம்பிச்சது போன நூற்றாண்டுலதான். அதுக்கு முன்னாடி புளிப்புக்குப் புளி, மோர், மாங்காய் போதுமா இருந்துச்சு. எங்க மலையில புளியமரத்துக்குப் பஞ்சமே இல்லாததால தக்காளிக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாத்தான் கதவு திறந்துச்சு. அம்மாவோட புளிக்குழம்புல இன்னிக்கும் தக்காளி கிடையாது. கேட்டா, "அது எதுக்கு, தண்ணியா விட்டுக்கும்"னு சொல்வாங்க.

இதை வச்சு "வடகம் ரெண்டாயிரம் வருஷப் பழசு"ன்னு நான் எழுதப் போறதில்ல. வாட்ஸ்அப்புல அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க. மிளகாய் இல்லைங்கறதால மட்டும் ஒரு பண்டம் மிளகாய்க்கு முன்னாடி பொறந்ததுன்னு ஆயிடாது. நான் சொல்ல வர்றது வேற. தக்காளி வெங்காய மசாலாதான் காய்கறிச் சமையலுக்கு அடிப்படைன்னு இன்னிக்கு நாம நினைக்கறோம். அந்தத் தக்காளி இல்லாமலே ஒரு முழு அடிப்படையை வெயிலையும் உப்பையும் வச்சு இந்த மண்ணுல கட்டியிருக்காங்க.

இந்த உருண்டை எங்க ஜில்லாவோட நிக்கல. புதுச்சேரி எங்களுக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம். பிரெஞ்சுக்காரங்க அங்க 1674-ல காலூன்றி, 1954-ல ஆட்சியை இந்தியாகிட்ட ஒப்படைக்கற வரைக்கும், இடையில சில தடவை டச்சுக்காரங்ககிட்டயும் இங்கிலீஷ்காரங்ககிட்டயும் பறிகொடுத்தது போக, அங்கேயே இருந்தாங்க. அவங்க வீட்டுச் சமையல்காரங்க நம்ம ஆளுங்க. அந்த அடுப்படிகள்ல தாளிச்ச வடவம் அவங்க நாக்குல ஒட்டிக்கிச்சு. அவங்க வாய்ல வடவம் 'வடூவான்' ஆச்சு. இன்னிக்கும் பிரான்சுல மசாலாக் கடைகள்ல அந்தப் பேர்ல விக்கறாங்க. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், கடுகு, வெந்தயம், கறிவேப்பிலைன்னு முக்கால்வாசி நம்ம பட்டியல்தான். ஆனா உருண்டையா இருக்காது, உதிரியா இருக்கும். வெயில்ல காயறதுக்குப் பதிலா அடுப்புல வறுபடும். கடந்த பதினஞ்சு இருபது வருஷமா அமெரிக்காவுலயும் பெரிய ஓட்டல் சமையல்காரங்க அதைக் கையில எடுத்திருக்காங்க. காரட் சூப்புல போடறாங்களாம், மீன்ல போடறாங்களாம். போடட்டும்.

இங்கிலீஷ்காரங்க வேற மாதிரி. அவங்களும் ஒரு பொது மசாலாவைத் தேடினாங்க, கடைசியில 'கறி பவுடர்'ங்கற தூள்ல போய் நின்னாங்க. 1747-ல லண்டன்ல ஹன்னா கிளாஸ் அம்மா எழுதின சமையல் புத்தகத்துலயே இந்திய முறையில கறி வைக்கறதுக்கு ஒரு குறிப்பு இருக்கு. அதுல முக்கியமான மசாலா மிளகும் மல்லியும்தான். தூளைக் கப்பல்ல ஏத்தறது சுலபம், கடையில விக்கறதும் சுலபம். ஆனா எனக்கென்னவோ பிரெஞ்சுக்காரங்கதான் சரியான சரக்கைத் தூக்கிட்டுப் போனாங்கன்னு தோணுது. தூள்ல வெங்காயம் கிடையாது. வெங்காயம் இல்லாம என்ன அடிப்படை?

இந்த நேரத்துல இன்னொரு கப்பலையும் சொல்லியாகணும். 1853-ல இருந்து புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியா தமிழ்நாட்டுக் கூலி ஜனங்களை மார்த்தினிக் தீவுக்கும், அடுத்த வருஷத்துல இருந்து குவாதலூப் தீவுக்கும் கரும்புத் தோட்ட வேலைக்கு ஏத்திட்டுப் போனாங்க. ஒப்பந்தம் அஞ்சு வருஷம்னு பேரு. திரும்பி வந்தவங்க குறைவு. அந்தத் தீவுகள்ல இன்னிக்கும் 'கொலம்போ'ன்னு ஒரு மசாலா இருக்கு. மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள், கூட வறுத்த அரிசி. அந்தப் பேரு கொழும்பு நகரத்துல இருந்து வந்ததுன்னு ஒரு கட்சி, நம்ம 'குழம்பு'தான் அப்படித் திரிஞ்சுதுன்னு இன்னொரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி. அந்த ஜனங்க பேசின தமிழ் பேரப்பிள்ளைங்க காலத்துலயே தேய்ஞ்சுபோச்சு. வெந்தயமும் கடுகும் சேர்ற வாசம் தேயல.

கடல் தாண்டிப் போனது அப்படின்னா, மலை ஏறினது எப்படின்னும் சொல்லணும். கல்வராயன்மலையோட எங்க பக்கம் மூணு ஜாகிரா இருந்துச்சு. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர்னு மூணு ஜாகிர்தார் குடும்பங்க. நாடு சுதந்திரம் வாங்கி கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழிச்சு, 1976-லதான் ஜாகிர் முறை போய் மலை நேரடியா அரசாங்கத்துக்குக் கீழ வந்துச்சு. ரோடு, பள்ளிக்கூடம், கரண்டு எல்லாம் அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா ஏறி வந்ததுதான். அதுவரைக்கும் கீழேயிருந்து வரவேண்டிய எதுவும் தலைச்சுமைதான். உப்பு அப்படித்தான் வரும். சீரகம், வெந்தயம் அப்படித்தான். மலையில இருந்து புளி, தேன், கடுக்காய் இறங்கும். தலைச்சுமைக்காரனுக்கு எடைதான் கணக்கு. ரெண்டு கிலோ பச்சை வெங்காயத்தைச் சுமக்கறதை விட, அதே வெங்காயம் சுருங்கின வடகத்தைச் சுமக்கறது புத்திசாலித்தனம். அம்மா பானையில கொண்டுவந்தது சும்மா ஆசைக்கு இல்ல.

இனி விவசாயி பக்கத்துக் கணக்கு. பட்டணத்து வாசகர்கள் இதைத்தான் முக்கியமாப் படிக்கணும்.

சின்ன வெங்காயம் போட்டவன் வயித்தெரிச்சலைக் கேட்டுப் பாருங்க. நமக்குத் தெற்கே பெரம்பலூர்ப் பக்கம் காடு காடா அதுதான். விலை இருக்கும்போது கடையில நூறைத் தாண்டும், டிவியில செய்தி வரும். விலை விழும்போது பறிகூலிக்குக்கூடக் காணாது, அப்ப எந்த டிவியும் வராது. பெரிய வெங்காயம் மாதிரி இதை வடநாடு முழுக்க அனுப்ப முடியாது, தின்கறவங்க நாமதான். வெளியே வாங்கறதும் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்னு நம்ம ஜனங்க இருக்கற ஊருங்கதான். 2023 டிசம்பர்ல மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டுச்சு. வடக்கே பெரிய வெங்காயம் விலை ஏறினதுக்குப் போட்ட தடை. அதுல சின்ன வெங்காயமும் சேர்ந்து மாட்டிக்கிச்சு. ரெண்டுக்கும் தனித்தனி ஏற்றுமதிக் குறியீடு கொடுங்கன்னு தமிழ்நாட்டு விவசாயிகள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. 2024 மே மாசம் தடை போச்சு. அதுக்குள்ள பட்டறையில போட்டு வச்சது பாதி முளைச்சு, பாதி அழுகியாச்சு.

வடகம் பொறந்ததோட நியாயம் இங்கதான் இருக்குன்னு நான் நினைக்கறேன். மாசிப் பட்டத்து வெங்காயம் வீட்டுல குவியும்போது கோடை வெயிலும் கூடவே வந்துடுது. சின்னது, அடிபட்டது, காம்பு கழண்டது, வியாபாரி கழிச்சுப் போட்டது எல்லாம் வீட்டுக்குத்தான் வரும். விக்க முடியாததை ஒரு வருஷச் சாப்பாடா மாத்தறதுக்கு உப்பும் வெயிலும் ஆள்பலமும் இருந்தா போதும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில வெங்காயம் விலை எகிறும்போது, வடகம் போட்ட வீட்டுல அந்தச் செய்தியைச் சிரிச்சுக்கிட்டே கேட்கலாம். 2023 ஜூலையில தக்காளி நூறு ரூபாயைத் தாண்டி, அரசாங்கமே அறுபது ரூபாய்க்கு வித்துது இல்லையா, அப்ப எங்க வீட்டுச் சமையல்ல எதுவும் மாறல. பொருளைச் சேமிக்கறதோட, விலை நம்மளை ஆட்டி வைக்காம இருக்கறதுக்கும் அந்தப் பானை உதவுச்சு.

'ஆள்பலம்'னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போயிட்டேன். அது யாரோட பலம்?

ரெண்டு கிலோ சின்ன வெங்காயம் உரிச்சுப் பாருங்க. எங்க வீட்டுல ரெண்டு கிலோ எல்லாம் இல்ல, அப்ப பத்து கிலோ. அம்மாவும் அத்தையும் விடியக்காலையில உட்கார்ந்தா கண்ணைத் துடைச்சுக்கிட்டே மத்தியானம் வரைக்கும் உரிப்பாங்க. அப்புறம் உலக்கை. அப்புறம் பத்து நாள் காக்கா விரட்டறது, மூட்டம் போட்டா ஓடிப்போய் அள்ளறது. ஆம்பளைங்க நாங்க "வாசம் தூக்குது"ன்னு சொல்லிட்டுப் போவோம். போன வருஷம் "வடகத்தைப் பத்தி எழுதப்போறேன்"னு சொன்னதும் எங்க அத்தை சொன்னது இது: "எழுது எழுது. உங்களுக்கு ருசி, எங்களுக்கு முதுகுவலின்னு அதையும் சேர்த்து எழுது." சேர்த்துட்டேன்.

அதனால மசாலா பாக்கெட்டைத் திட்டற கூட்டத்துல நான் இல்ல. ஈரோட்டு சக்தி மசாலா 1975-ல, ஆச்சி மசாலா 1995-ல ஆரம்பிச்சது. பத்து ரூபாய் பாக்கெட்டா மலைக்கடை வரைக்கும் வந்து தொங்கினப்போ அம்மி தானா ஓரம் போச்சு. 2011 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பிச்சுது. மிக்ஸி வந்த அன்னிக்கு எங்க தெருவுல தேங்காய்ச் சட்னி அரைக்காத வீடு இல்ல. அம்மியில அரைச்சாத்தான் ருசின்னு பேசற ஆம்பளைங்களை ஒரு மாசம் அம்மிக்கு முன்னாடி உட்கார வைக்கணும்னு எங்க வீட்டுல சொல்வாங்க. நியாயமான தண்டனைதான்.

ஆனா மிக்ஸி வந்து உரலை மட்டும்தான் எடுத்துக்கிட்டுப் போயிருக்கணும். கூடவே வடகத்தையும் எடுத்துட்டுப் போயிடுச்சு. இப்ப எங்க தெருவுல வருஷாவருஷம் வடகம் போடற வீடு எங்களோட சேர்த்து மூணோ நாலோதான். மத்தவங்க தக்காளி வாங்கறாங்க, பெரிய வெங்காயம் வாங்கறாங்க, பாக்கெட் வாங்கறாங்க. மரவள்ளி வித்த காசு அந்தக் கடையிலயே ஒரு பங்கு இறங்கிடுது. மொச்சையும் புளியும் தன் கொல்லையில இருக்கறவன், கிலோ எழுபதுக்குத் தக்காளி வாங்கிக் குழம்பு வைக்கறான். இதுல எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கல.

எங்க வீட்டுல இப்ப எப்படின்னா, உரிக்கறது எல்லாரும். நானும் என் பையனும் உட்காருவோம். ராத்திரியே வெங்காயத்தைத் தண்ணியில போட்டு வச்சா காலையில தோல் வழுக்கிக்கிட்டு வந்துடும், கண்ணும் அவ்வளவா எரியாது. உரிச்சதைத் துணியில பரப்பி ஈரம் போக ஆறவிடணும். இடிக்கறதுக்கு மிக்ஸிதான். பொத்தானைப் பின்பக்கமாத் திருப்பித் திருப்பி விட்டு, நாலே சுத்து. அஞ்சாவது சுத்து கூழாக்கிடும். அம்மா முதல்ல முகத்தைச் சுளிச்சாங்க, காய்ஞ்ச உருண்டையைத் தாளிச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லலைன்னா அது எங்க வீட்டுல சர்டிபிகேட்.

பட்டணத்துல போடணும்னு ஆசைப்படறவங்களுக்கு: ஒரு கிலோ வெங்காயத்துக்கு மேல முதல் தடவை போகாதீங்க. பால்கனி வெயில் ரெண்டு மணி நேரம்தான்னா வேண்டாம், மொட்டை மாடி கிடைச்சாத்தான் இறங்குங்க. கத்திரி வெயில் தொடங்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஆரம்பிச்சா சரியா இருக்கும். மேல மெல்லிசா ஒரு வேட்டித்துணி கட்டினா தூசியும் ஈயும் வராது. அக்கம்பக்கத்துல முன்கூட்டியே சொல்லிடுங்க, ரெண்டாம் நாள் வாசத்துக்கு வாட்ச்மேனை அனுப்பிடுவாங்க. உருண்டையைப் பிட்டுப் பார்த்தா நடுவுலயும் காய்ஞ்சிருக்கணும். நடுவுல ஈரம் இருந்தா மழைக்காலத்துல பூசணம் பிடிக்கும். பூசணம் வந்த உருண்டையைச் சுரண்டிட்டுச் சாப்பிடாதீங்க, அப்படியே தூக்கிப் போட்டுடுங்க. ஈரக்கரண்டி டப்பாவுக்குள்ள போகக் கூடாது. வருஷத்துல ரெண்டு தடவை, பொங்கலுக்கு அப்புறம் ஒரு தடவையாவது, டப்பாவை வெயில்ல காட்டுங்க.

டப்பா மேல போட்ட மாசத்தையும் வருஷத்தையும் எழுதி ஒட்டிடுங்க. எங்க வீட்டுல இப்ப ரெண்டு டப்பா இருக்கு. புதுசைக் கீரைக்கு எடுக்கறாங்க, பழசைப் புளிக்குழம்புக்கு. ஏன்னு அம்மாகிட்ட கேட்டேன். "பழசுக்குக் காட்டம் ஜாஸ்தி, புளிதான் தாங்கும்"னாங்க.